காகத்துக்கு வைத்த சோறு

பக்கத்து வீட்டு அம்மாவின் குருவிகளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க நான்தான் தீன் போட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில், கோயில் அன்னதான வரிசையில், வேலையிடத்தில். கேட்டவர்கள் எல்லாரும் நல்ல மனசு என்றார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். அது அரைவாசிக் கதை. மார்கழி நடுவிலிருந்து தை மாதக் கடைசி வரைக்கும் போட்டேன், அது உண்மை. அதற்குப் பிறகு நடந்தது மனைவி ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நானும் மனைவியும் கிங்ஸ்பரி என்கிற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டிய இரட்டை வீடு. மற்றப் பாதியில் அந்த அம்மா தனியாக இருந்தார். வெள்ளைக்காரர், எண்பதை நெருங்கியவர், கணவர் போய் இரண்டு வருடம். பின்பக்கம் இரண்டு வளவுக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பலகை வேலி. ஒரு சாண் வேலிக்காகக் கோடேறி வழக்காடிய பரம்பரை நாங்கள். ஆனால் இந்த வேலியால் ஒரு சண்டையும் வரவில்லை. அவர் அதற்கு மேலால் ஆப்பிள் பை சுட்டுத் தருவார், என் மனைவி வடை கொடுப்பாள்.

நான் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கதவுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளன். ஊரில் பௌதிகத்தில் பட்டம் எடுத்தவன் என்பதை யாரும் கேட்காமலே சொல்லும் வியாதி எனக்கு இருந்தது. மேற்பார்வையாளர் பதவிக்கான நேர்முகத்தில் இரண்டு தரம் தோற்றுப்போனேன். இரண்டாம் தரம் தோற்ற அதே கிழமை நிறுத்தியிருந்த காரை எவனோ இடித்துவிட்டுப் போனான். அதற்குமேல் பௌதிகம் தாங்கவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த சாத்திரியாரிடம், மனைவிக்கும் சொல்லாமல், சாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏழரைச் சனி என்றார். புரட்டாதிச் சனி மட்டும் போதாது, ஒவ்வொரு சனிக்கிழமையும் விரதமிருந்து, எள் எண்ணெய் எரித்து, எள்ளுச் சாதத்தைக் காகத்துக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் நான் வாய் வைக்க வேண்டும் என்றார்.

ஊரில் இலையை மதிலில் வைக்க முன்னமே காகம் வந்து நிற்கும். கிங்ஸ்பரிக் காகத்துக்கு என்னைக் கண்டாலே பயம். பின்வளவிலிருந்த ஷெட் கூரையில் தட்டை வைத்துவிட்டு, பின்கதவடியில் நின்று பௌதிகப் பட்டதாரி "கா, கா" என்று கூப்பிடுவான். மெக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைதான் முதலில் வரும். அது காக இனம்தான், கணக்கில் சேர்க்கலாம் என்று நான் வாதாடினேன்.

"பாதிக் காகம் திண்டால் பாதி வயிறு சாப்பிடுங்கோ," என்றாள் மனைவி. "எனக்குப் பசிக்குது. நான் சாப்பிடப் போறன்."

தட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் காகங்கள் துணிந்து வரும் என்று கண்டுபிடித்தேன். ஒரு கோப்பை இரண்டாகி மூன்றாகியது. வருகிற காகம் அரைவாசியைத் தின்னும், மிச்சத்தை இறைக்கும். கூரையில் சரிந்த சோறு ஷெட்டுக்கும் வேலிக்கும் இடையிலிருந்த ஒரு அடி இடுக்கில் போய் விழும். அந்த இடுக்குக்குள் ஆள் போக முடியாது. நான் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

மார்கழி நடுவில் அந்த அம்மா வாசல் படியில் உறைபனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு வேலியடிக்கு வந்து, காலையில் தன் குருவிகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஏலாது என்று யார் சொல்வது? எனக்கு அது பிடித்தும் இருந்தது. உதவி செய்பவனாக நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அவருடைய வளவில் ஒரு இரும்புக் கம்பம். அதன் கொக்கிகளில் சூரியகாந்தி விதைக் குழாய், கடலை நிரப்பிய கம்பிவலைக் கூடு, கொழுப்பு உருண்டைகள் தொங்கும். நிலத்தோடு ஒட்டி ஒரு தட்டு. அது ராபின் என்கிற குருவிக்கு. ஊறவைத்த முந்திரிகை வற்றல், துருவிய சீஸ், ஒரு கரண்டி காய்ந்த புழு. சனிக்கிழமை விரதத்தோடு புழுவைத் தொடுவதா என்று முதலில் தயங்கினேன், பிறகு புழுவைப் போட்டுவிட்டு வந்து குளிப்பது என்று தீர்மானித்தேன். தண்ணீர்ச் சட்டியில் பனி உறைந்திருந்தால் கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றி இளக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். பின்னேரம் கீழே சிந்தியிருப்பதை ஒரு விதைமணி விடாமல் கூட்டி அள்ள வேண்டும்.

"அதை மட்டும் மறந்துவிடாதே, டியர். இல்லாவிட்டால் எலி வரும்," என்றார்.

மறக்கவில்லை. ஷிப்ட் எதுவானாலும் கூட்டினேன். அவருடைய வளவில் எலி தின்ன ஒரு விதைகூடக் கிடக்கவில்லை என்பது இந்த உலகத்தில் யாருக்காவது திட்டமாகத் தெரியும் என்றால் அது எனக்குத்தான்.

ராபின் கைக்குள் அடங்கும் பழுப்புக் குருவி, நெஞ்சு மட்டும் செம்மஞ்சள். மற்றக் குருவிகள் நான் வந்தால் பறந்துவிடும். இது மண்வெட்டிப் பிடியில் இருந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்க்கும். நான் இரண்டடி தள்ளி நின்றால் போதும், தட்டுக்கு இறங்கிவிடும். அந்த அம்மா சமையலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து, "குட் மார்னிங்" என்று அதற்குச் சொல்வார். ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே, "என் கணவர் இன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டார்," என்றார். இறந்தவர்கள் ராபினாக வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. சிரிப்போடுதான் சொன்னார். ஆனால் அது வரப் பிந்திய நாளில் அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கதவடியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பாவம், வயது போனால் மனிதருக்கு மூடநம்பிக்கை வந்துவிடுகிறது என்று நினைத்தேன். அன்றைக்கும் சனிக்கிழமை, என் தட்டு ஷெட் கூரையில் இருந்தது.

தை மாதம் மூன்றாம் கிழமை, பின்வீட்டுக்காரர் தன் பக்க வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எந்த நேரமும் காரைத் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதர். பட்டப்பகலில் இரண்டு எலிகளைப் பார்த்தாராம். பிறகு என் ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கள் ஆட்கள் ஏதாவது சாப்பாடு வெளியே போடுகிறார்களா?"

உங்கள் ஆட்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தெருவில் தமிழர் இரண்டு வீடுதான். எலி கொண்டுவந்த தமிழன் என்று பெயர் எடுப்பதா? அவர் சொன்னது சரியென்பதுதான் கோபத்தைக் கூட்டியது.

"நாங்கள் ஒன்றும் போடுவதில்லை. பக்கத்து வீட்டில்தான் குருவிக்குப் போடுகிறார்கள்," என்றேன்.

வாயால் போன சொல் திரும்பி வருமா? அவர் "ஆ, அதுதானே" என்று தலையாட்டிவிட்டுப் போனார். உள்ளே வந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு நீளத் தடியை விட்டுக் கிளறினேன். புளித்த சோற்று மணம் அடித்தது. உள்ளே எதுவோ ஓடியது. கைக்கு எட்டியதை எல்லாம் தடியால் இழுத்து, வாரி, கறுப்புப் பையில் கட்டி, அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் எறிந்தேன்.

பின்வீட்டுக்காரரின் முறைப்பாட்டில் நகரசபையிலிருந்து கவுன்சில்காரர் வந்தது ஒரு புதன்கிழமை. மஞ்சள் மேலங்கி, கையில் டோர்ச். அந்த அம்மாவின் வளவைப் பார்த்தார், பிறகு வேலிக்கு மேலால் என்னுடையதைப் பார்த்தார். அந்த அம்மா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"உங்கள் பக்கம் உணவு ஏதாவது வெளியே வைப்பதுண்டா?"

"இல்லை," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என் குருவித் தீனாகத்தான் இருக்க வேண்டும். கை உடைந்ததிலிருந்து இடது கையால் போடுகிறேன், நிறையச் சிந்திவிடுகிறது," என்றார்.

ஒன்றரை மாதமாக அவர் ஒரு விதைகூடப் போடவில்லை. போட்டவன் நான். அவர் மறதியில் சொல்கிறார் என்று நினைத்து என் மனச்சாட்சியைத் தட்டிக்கொடுத்தேன்.

தீன் கூடுகளை எல்லாம் இறக்க வேண்டும், குளிர்காலம் முடியும் வரை எதையும் வெளியே வைக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. ஷெட்டுகளுக்குப் பின்னால் நஞ்சுப் பெட்டிகள் வைத்தார்கள். இரும்புக் கம்பத்தைக் கழற்ற அவருக்குக் கை ஏலாது. கழற்றியதும் நான்தான். அவர் கதவடியில் நின்று, "நன்றி, உனக்கு எவ்வளவு கரைச்சல் கொடுக்கிறேன்," என்றார். ராபின் மண்வெட்டிப் பிடியிலிருந்து நான் தட்டை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மனைவி இரவுச் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு வைத்துவிட்டு நின்றாள்.

"போய்ச் சொல்லுங்கோவன், அது எங்கட சோறெண்டு."

"உமக்கு ஒண்டும் விளங்காது. வீட்டுக்காரன் அறிஞ்சால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவான். பங்குனியில இன்டர்வியூ இருக்கு."

"ஓம், எனக்கு விளங்காது. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம் எண்டு மட்டும் விளங்குது."

மாசியில் பனி கொட்டியது. பஸ்கள் நின்றன, பள்ளிக்கூடங்கள் மூடின. இரண்டு வளவும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன, அவருடைய பக்கத்தில் கம்பம் நின்ற குழி மட்டும் தெரிந்தது. குருவிகள் வந்து அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போயின. ராபின் அவருடைய சமையலறை ஜன்னல் விளிம்பில், உடம்பை ஊதிப் பந்தாக்கிக்கொண்டு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்.

மத்தியானம் அவர் வேலியடிக்கு வந்தார். கால் பனியில் புதைய, ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு சிறிய டப்பாவை நீட்டினார். காய்ந்த புழுவும் வற்றலும்.

"எனக்குத்தான் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் சொல்லவில்லையே. உன் படியில் ஒரு கைப்பிடி வைக்கிறாயா? அவனுக்கு மட்டும். தின்னும் வரை நீ நின்று பார்த்துவிட்டு மிச்சத்தை எடுத்துவிடலாம்."

ஒரு கைப்பிடி. கேட்டது அவ்வளவுதான். நான் பின்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை அசைந்தது போல இருந்தது. கவுன்சில்காரர் மறுபடி வந்து என் ஷெட்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்தால்?

"மன்னிக்க வேண்டும். பிறகு எங்களுக்குப் பிரச்சினை வரும்," என்றேன்.

"ஓ, சரிதான். நீ பிரச்சினையில் மாட்டக் கூடாது," என்று உடனே டப்பாவை இழுத்துக்கொண்டார். அப்படி உடனே விட்டுக்கொடுத்ததுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. அவர் ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மனைவி ஜன்னலால் பார்த்திருந்தாள். "நான் வைக்கிறன்," என்று ஒரு துண்டு பாண் ரொட்டியை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனாள். நான் அவள் கையிலிருந்து பறித்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கள்ளனுக்குத்தான் சத்தம் கூடுதல்.

அடுத்த நாள் சனிக்கிழமை. சனிபகவானை மட்டும் நான் பட்டினி போடவில்லை. கவுன்சில்காரர் வந்துபோன நாளிலிருந்து காகத்துக்கான சோற்றை டிபன் கரியரில் எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போகும் வழக்கம் பிடித்திருந்தேன். அன்றும் போனேன். முன்வாசலால் இறங்கி, பனியை மிதித்துக்கொண்டு, சுடச்சுட ஆவி பறக்கும் எள்ளுச் சாதத்தோடு அவருடைய முன் ஜன்னலைக் கடந்தேன். அவர் உள்ளே நின்று கையசைத்தார். நானும் டிபன் கரியர் இல்லாத கையால் அசைத்தேன். பார்க்கில் காகங்கள் ஏழோ எட்டோ வந்து சண்டை பிடித்துத் தின்றன. திருப்தியாகத் திரும்பி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பனி நாலு நாளில் கரைந்தது. ராபின் வரவில்லை. அந்த அம்மா வேலியடியில் நின்று, உன் பக்கம் பார்த்தாயா, உன் பக்கம் பார்த்தாயா என்று ஒரு கிழமை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வேறு வளவுக்குப் போயிருக்கும், பூனை பிடித்திருக்கும், இந்தக் குருவிகளுக்கு ஆயுளே கொஞ்சம்தான் என்று நான் எனக்குள் பல காரணம் அடுக்கினேன். பனி நாளில் இந்தச் சின்ன உடம்பு ஒரு பகல் பட்டினி கிடந்தால் அடுத்த விடியலைக் காணாது என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

பங்குனி நேர்முகத்தில் நான் தெரிவானேன். கடிதம் வந்த கிழமையோடு விரதத்தையும் விட்டேன். ஏறி முடித்ததும் ஏணியை உதைக்கிற ஆள் நான்.

அந்த அம்மாவின் மகள் சித்திரையில் வந்தாள். உடைந்த கை, தனிமை, இப்போது எலி என்று கவுன்சில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாயோடு கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. கதைத்து முடிந்தபோது வீட்டை விற்பது என்று ஆகியிருந்தது. மகளின் ஃபிளாட் மூன்றாம் மாடி, வளவு கிடையாது.

போகிற நாளில் வான் வாசலில் நின்றது. நான் பெட்டி தூக்கப் போனேன். தூக்கி முடிந்து, வெறும் சமையலறையில் அவரும் நானும் மட்டும் நின்றோம். மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள்: "இண்டைக்கும் சொல்லாட்டி இனி எப்ப சொல்லப் போறியள்?" சொல்லிவிட்டேன். எலி வந்தது என்னால்தான், சனிக்கிழமைகளில் நான் வைத்த சோற்றால்தான், கேட்டவர்களிடம் பொய் சொன்னேன், உங்களைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"மாடி ஜன்னலிலிருந்து உன் ஷெட் கூரை தெரியும். சனிக்கிழமைகளில் நீ தட்டை வைத்துவிட்டுக் கூப்பிடுவாய். அந்தக் காகம் வந்து தின்னும் வரை குளிரில் நிற்பாய், உள்ளே போகமாட்டாய். போனவர்களில் யாரோ ஒருவருக்காகத்தான் மனிதன் அப்படி நிற்பான், அது எனக்குத் தெரியாதா? அந்த ஆள் வந்து கேட்டபோது நான் வாயைத் திறந்திருந்தால் உன்னுடையதை நிறுத்தியிருப்பார்கள்." அவர் என் கையைப் பிடித்தார். கட்டு வெட்டிய கை, சுள்ளி போலிருந்தது. "எனக்காவது வீடு நிறைய அவருடைய படங்கள் இருக்கின்றன. தூர தேசத்திலிருந்து வந்தவன், உனக்கு அந்தக் காகம் மட்டும்தானே என்று நினைத்தேன். யார் அது, டியர்?"

பதவி உயர்வுக்காக என்று சொல்ல வேண்டும். எனக்காக, என் ஒருவனுக்காக என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது.

"அப்பா," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "வந்தாரா?"

"வந்தார்."

என் கையை இரண்டு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு, மகளைப் பிடித்துக்கொண்டு போய் வானில் ஏறினார்.

அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் நல்ல சுகமாக இருந்தார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் எனக்குப் போன் எடுத்தார். "என்ன தம்பி, பெரிய உத்தியோகம் கிடைச்சிட்டுதாம். என்னட்டைச் சொல்லவே இல்லை?" என்று சந்தோஷமாகக் கேட்டார். லைன் கிளியரில்லை அப்பா, ஒண்டும் கேக்கேல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.